போகும்போது இடது, வரும்போது வலது

"ஒரு கண்ணியைக் கழட்டிப் பாருங்களேன்."

"கழட்டி மூணு நாளாச்சு, மேடம்."

"அப்போ இன்னொண்ணு?"

"இன்னொண்ணு கழட்டினா அதை வயலின்ல மாட்டி வாசிக்கலாம். வண்டி ஓடாது."

"இப்ப மட்டும் ஓடுதாக்கும்."

"ஓடுது. செயின் கழண்டுக்குது, அவ்வளவுதான்."

"நல்லாத்தான் நடக்கறார், கால் மட்டும்தான் இல்லங்கற மாதிரி இருக்கு. மாடி, நீயே சொல்லு, இது நியாயமா?"

மாடி என்பது நான்தான். அந்த வீட்டின் மாடியறையில் இரண்டு வருடம் குடியிருந்தேன். வந்த முதல் வாரம் என் பெயரைக் கேட்டுக்கொண்டார்கள். அதற்கப்புறம் அது யாருக்கும் தேவைப்படவில்லை. "மாடி, டீ ஆறுது", "மாடி, துணி நனையுது" என்று கீழிருந்து குரல் வந்தால் இறங்கிப் போவேன். இறங்கினால் எப்போதும் அந்த நீள மேஜைக்குத்தான் வந்து சேர வேண்டும். அதன் ஒரு முனையில் வீட்டுக்கார அக்காவின் தையல் மெஷின். மறுமுனையில் செய்தித்தாள் விரித்து, வயிறு மேலே தெரியக் கவிழ்ந்து கிடக்கும் பொம்மைப் பீரங்கி வண்டி. இரண்டு ரொட்டியை வரிசையாக வைத்த நீளம் இருக்கும். ரிமோட்டில் ஓடுவது. பக்கத்துக்கு எழுபத்திரண்டு உலோகக் கண்ணிகள் கோத்த செயின். இரண்டு முனைக்கும் நடுவில் ஒரே ஓர் எண்ணெய்க் குப்பி. அது மெஷினுக்கா பீரங்கிக்கா என்று வாரத்துக்கு ஒரு சண்டை நடக்கும்.

அக்காவின் கணவர் பஸ் டிரைவர். தெருவில் எல்லோருக்கும் அவர் டிரைவர்தான், அக்காவுக்குக் கோபம் வந்தால் "டிரைவர் சார்". அவருக்கு அக்கா எப்போதும் "மேடம்". எனக்கு அவர் அண்ணன். அவருடைய பஸ்ஸில்தான் நான் தினமும் வேலைக்குப் போனேன். ஐந்தே முக்காலுக்கு முதல் வண்டி. அவர் ஐந்து மணிக்கு சைக்கிளை எடுத்துக்கொண்டு டிப்போவுக்குப் போய்விடுவார். அரை மணி கழித்து நான் தெருமுனையில் நிற்பேன். இருட்டில் இரண்டு விளக்கோடு அந்தப் பஸ் வளைந்து வரும்போது, நம் வீட்டு மேஜையே சக்கரம் கட்டிக்கொண்டு வருவது போல இருக்கும்.

அந்தப் பீரங்கி அவர் வாங்கியதல்ல. யாரோ ஒரு பயணி பின் சீட்டில் பெட்டியோடு விட்டுவிட்டுப் போனது. டிப்போவில் குடைகளுக்கும் ஒற்றைக் கையுறைகளுக்கும் நடுவே ஒரு வருடம் இருந்தது. யாரும் கேட்டு வரவில்லை. "நீயே எடுத்துட்டுப் போய்யா, இடத்தை அடைக்குது" என்றார் மேலாளர். அண்ணன் அதைத் தூக்கிக்கொண்டு வந்த அன்று அக்கா வாசலிலேயே மறித்தாளாம். "வீட்டுக்குள்ள யுத்தம் கித்தம் வேண்டாம்னு சொல்லிட்டேன். இருக்கற யுத்தம் போதும்." பத்து நாள் கழித்து அவளே அதன் உட்புறக் கம்பிகளைத் தையல் நூலால் கட்டி ஒழுங்கு செய்து கொடுத்திருக்கிறாள். நான் வந்தபோது அது அந்த வீட்டில் மூன்றாவது ஆள் மாதிரி ஆகிவிட்டிருந்தது. அவர் பார்க்காமலே கையை நீட்டுவார். உள்ளங்கையில் அக்கா திருப்புளியை வைப்பாள். திரும்ப நீட்டுவார். வாஷர். பேச்சு வேறு எதையோ பற்றி நடந்துகொண்டிருக்கும்.

அந்த வருடம் மழைக்காலத்தில் அவர் இரண்டு நாள் தலைவலி என்று படுத்திருந்தார். அவர் படுத்து நான் பார்த்தது அப்போது மட்டும்தான். மூன்றாம் நாள் எழுந்து, முகம் கழுவி, வேலைக்குப் போய்விட்டார். செயின் கழல ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். அப்போது அந்த இரண்டையும் யாரும் சேர்த்து நினைக்கவில்லை. நினைக்க என்ன இருந்தது?

முதலில் செயின் தளர்ந்துவிட்டது என்றார். ஒரு கண்ணியைக் கழற்றினார். கழன்றது. முன்சக்கரத்தைத் தள்ளிப் பிடிக்கும் திருகை இறுக்கினார். கழன்றது. இன்னும் இறுக்கினார். மோட்டார் முனக ஆரம்பித்தது.

"நூலை இப்படி இறுக்கினா துணி சுருங்கிப்போயிடும்," என்றாள் அக்கா, மெஷினில் இருந்து தலையைத் தூக்காமல்.

"இது துணி இல்ல, மேடம். இரும்பு."

"இரும்பு சுருங்காது. வளையும்."

மறுநாள் அச்சு வளைந்திருந்தது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதை எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் செய்தாள். அவர் அச்சை நிமிர்த்தி, கழற்றிய கண்ணியைத் திரும்பக் கோத்து, திருகைத் தளர்த்தி, செயின் மேல்பக்கம் கொஞ்சம் தொய்ந்து சக்கரங்களின் மேல் படியும்படி வைத்தார். ஒரு விரலால் தூக்கினால் விரல் தடிமனுக்கு எழும்ப வேண்டும், அதுதான் அளவு என்றார். பல்சக்கரத்துக்குப் பின்னால் ஒரு மெல்லிய வாஷர் போட்டுப் பல்லெல்லாம் கண்ணியின் நடுவில் உட்காரும்படி செய்தார். கண்ணிகளைக் கோக்கும் பின்கள் வெளியே நகராமல் இருக்க, அக்கா தன் நகப்பூச்சைக் கொண்டு வந்து நூற்று நாற்பத்து நான்கு பின்களின் தலையிலும் ஒவ்வொரு சொட்டு வைத்தாள். அக்கா நகத்துக்குப் பூசி நான் பார்த்ததில்லை. எந்தக் கல்யாணத்துக்கு வாங்கியதோ, அடியில் கெட்டியாகக் கிடந்தது. அந்த வாரம் முழுக்கப் பீரங்கி சிவப்புப் பொட்டு வைத்துக்கொண்டு ஓடியது. ஓடி, கழன்றது.

ஞாயிற்றுக்கிழமை, அண்ணனைப் போலவே பீரங்கிப் பித்துள்ள பல் டாக்டர் ஒருவர் தன்னுடைய பீரங்கியைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். வீட்டின் பின்புறம் சிமென்ட் போட்ட நீளமான முற்றம். இரண்டு பக்கமும் சுவர். இரண்டு சுவர் ஓரத்திலும் செங்கல், உடைந்த ஓடு, ஜல்லிக் குவியல் என்று வழி அமைத்திருந்தார்கள். ஒரு கோடியில் நாற்காலி. அதில் உட்கார்ந்துதான் அண்ணன் ஓட்டுவார்.

"என் வண்டியில இந்த ஆறு வருஷத்துல ஒரு தடவை செயின் கழண்டதில்ல," என்றார் பல் டாக்டர்.

"ஓடினாத்தானே கழலும். உங்க வண்டி கூடையிலயேதான இருக்கு."

"பேசுங்க, பேசுங்க. வாயைத் திறந்துகிட்டு என் நாற்காலிக்கு ஒரு நாள் வருவீங்கல்ல."

பையிலிருந்து பல்லைப் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை எடுத்து, அவர் தரையில் குப்புறப் படுத்தார். பல்சக்கரத்தின் உள்பக்கம், முன்சக்கரத்தின் பின்பக்கம், கியர் பெட்டியின் திருகுகள் என்று எல்லாவற்றையும் அந்தக் கண்ணாடியில் பார்த்தார். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

"வரிசை கச்சிதமா இருக்கு. இவ்வளவு நல்ல பல்வரிசை மனுஷங்களுக்கே கிடையாது. ஓட்டுங்க, பார்ப்போம்."

அண்ணன் ஓட்டினார். பீரங்கி முற்றத்தின் மறுகோடியை நோக்கிப் போனது. பாதி தூரத்தில், திரும்பும்போது இடது செயின் ஒரு செங்கல் விளிம்பில் உரசிக் கழன்று பாம்புத்தோல் மாதிரிப் பின்னால் கிடந்தது. மாட்டிக்கொடுத்தோம். மறுகோடிவரை போனது. திரும்பி எங்களை நோக்கி வந்தது. வரும்போது வலது செயின் கழன்றது.

"இடதுன்னுதானே சொன்னீங்க?"

"போகும்போது இடது. வரும்போது வலது. அதான் பிடிபட மாட்டேங்குது."

பல் டாக்டர் தலையைச் சொறிந்தார். "ஒரு பக்கம்னா வியாதி. ரெண்டு பக்கமும் மாறி மாறின்னா குறும்பு. இது உங்ககூட விளையாடுது" என்று சொல்லி, அக்கா கொடுத்த கேக்கைச் சாப்பிட்டுவிட்டுக் கூடையோடு போய்விட்டார்.

அக்கா சிரிக்கவில்லை. அன்று மாலை கால்சட்டை ஒன்றைத் தைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"இந்தக் கால்சட்டை மூணாவது தடவை வருது. ஒரே இடத்துல கிழிஞ்சு கிழிஞ்சு. போன தடவை அந்த ஆள்கிட்ட கேட்டேன், நீங்க எந்த நாற்காலியில உக்கார்றீங்கன்னு. 'ஏம்மா, துணி மட்டம்னு ஒத்துக்கோயேன்'ங்கறார். துணி நல்ல துணி மாடி. நாற்காலியிலதான் எங்கயோ ஆணி இருக்கு."

"சொன்னா கேக்கலையா?"

"யாரு கேக்கறா? எல்லாரும் கிழிசலைத்தான் கொண்டாந்து காட்டறாங்க. எங்க உரசினாங்கன்னு யாரும் காட்டறதில்ல." பல்லால் நூலை அறுத்தாள். அப்புறம் கொஞ்ச நேரம் அறுத்த நூலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த மாதங்களை நினைத்தால் எனக்கு முதலில் இலைகள்தான் ஞாபகம் வருகின்றன. காலையில் பஸ் ஆற்றோரச் சாலையில் போகும்போது, மரக்கிளைகள் இடது பக்க ஜன்னல்களில் சரசரவென்று உரசும். திறந்திருக்கிற ஜன்னல் வழியாக இலைகள் உள்ளே உதிரும். தூங்கி வழிகிற ஆட்கள் மடியில் பச்சை இலை. முன்பெல்லாம் அப்படி இல்லை, அந்த வருடம்தான். ஆஸ்பத்திரி ஆயா ஒருத்தி தினமும் அந்த இலைகளில் ஒன்றை எடுத்துக் கொண்டையில் செருகிக்கொள்வாள். "டிரைவர் நமக்குன்னு மரத்துப் பக்கமா ஓட்டறார்" என்பாள். பஸ்ஸே சிரிக்கும். நானும் சிரித்தேன். என் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்திருந்தது அந்த இலைகளைத்தான்.

சாப்பாட்டு மேஜையிலும் ஒன்று நடந்துகொண்டிருந்தது. அவர் தட்டில் உருளைக்கிழங்கு, பீன்ஸ், ரொட்டி எல்லாம் காலியாகிவிடும். இடது ஓரத்தில் வைத்த அவித்த முட்டை அப்படியே இருக்கும்.

"இன்னிக்கு முட்டை கிடையாதா?" என்பார்.

அக்கா தட்டைச் சுற்றித் திருப்பி வைப்பாள். "அட, இங்கதான் ஒளிஞ்சிருக்கு" என்று எடுத்துக்கொள்வார். அது அவர்களுக்குள் ஒரு விளையாட்டு என்று நான் நினைத்தேன். அவளும் முதலில் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. காற்று இல்லாத நாள். வெயில் முற்றத்தில் பாதி, சுவர் நிழல் பாதி. அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து ரிமோட்டின் ஆண்டெனாவை இழுத்துவிட்டார். அக்கா மெஷினை மூடிவிட்டு, கையில் நீல நிறத் தையல் சாக்பீஸோடு வந்து நின்றாள்.

"மேடம் கணக்கு எழுதப் போறாங்களா?"

"நீங்க ஓட்டுங்க, டிரைவர் சார்."

ஓட்டினார். கழன்றது. அக்கா போய், கழன்ற இடத்தில் தரையில் ஒரு கோடு கிழித்தாள். நான் செயினை மாட்டினேன். மறுபடி. மறுபடி ஒரு கோடு. எந்தச் செயின், இடதா வலதா என்று அவள் கேட்கவே இல்லை. எந்த இடம் என்பதை மட்டும் குறித்தாள். ஒன்பது தடவை ஆனதும் நிமிர்ந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஒன்பது நீலக் கோடும் ஒரே சுவரின் ஓரமாக, பட்டன் வரிசை மாதிரி இருந்தன. எதிர்ச்சுவர் ஓரத்தில் அதே மாதிரி செங்கல், அதே மாதிரி ஜல்லி. அங்கே ஒரு கோடுகூட இல்லை.

"பார்த்தியா?" அண்ணன் உற்சாகமாகிவிட்டார். "அந்தப் பக்கம் தரை சரிவா இருக்கு. அதான் விஷயம். பிடிச்சிட்டே! நாளைக்கே கொஞ்சம் சிமென்ட் பூசிடறேன்."

அக்கா அவரை எழுப்பி, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முற்றத்தின் மறுகோடிக்குப் போனாள். அங்கே வைத்தாள்.

"இங்க வந்து உக்காந்து ஓட்டுங்க."

"எதுக்கு?"

"சும்மாதான். வெயில் கண்ணைக் குத்துதுல்ல அங்க."

அவர் போய் உட்கார்ந்தார். ஓட்டினார். முதல் கோடு எதிர்ச்சுவர் ஓரத்தில் விழுந்தது. இரண்டாவதும் அங்கேதான். சரிவு என்று சொன்ன பக்கம் வண்டி ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. ஐந்தாவது கோட்டைக் கிழிக்கும்போது சாக்பீஸ் உடைந்தது. அக்கா அதை எடுக்கவில்லை.

"கொஞ்சம் என்கிட்ட குடுங்க."

"உனக்கு ஓட்டத் தெரியாதே."

"மெஷின் பெடலை மிதிக்கத் தெரியும். குடுங்க."

அவள் மெதுவாகத்தான் ஓட்டினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, வண்டி திரும்பும்போதெல்லாம் தானும் தோளைச் சாய்த்துக்கொண்டு. செங்கல்லுக்கும் சுவருக்கும் நடுவே, ஜல்லியின் மேல் ஏறி, உடைந்த ஓடுகளைச் சுற்றி, போய் வந்து, போய் வந்து. நான் எண்ணினேன், ஆறு சுற்று. செயின் மேல்பக்கம் விரல் தடிமனுக்குத் தொய்ந்து, சக்கரங்களின் மேல் படிந்து படிந்து, சிவப்புப் பொட்டுகள் ஒவ்வொன்றாக வந்து மறைய, ஓடிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. கரண்டிகளை டிராயரில் மெதுவாகக் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம்.

அண்ணன் சந்தோஷமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ செயின்ல ஒண்ணும் இல்ல," என்றார். "நல்ல செயின்தான். நான்தான் ரொம்ப வேகமா திருப்பறேனோ என்னமோ."

அக்கா வண்டியை அவருக்கு நேர் எதிரே, பத்தடி தூரத்தில் நிறுத்தினாள். ரிமோட்டை என் கையில் கொடுத்தாள்.

"ஏங்க, வண்டியையே பாருங்க. தலையைத் திருப்பாதீங்க."

"என்ன, போட்டோவா?"

"வண்டியையே பாருங்கன்னேன்."

அவர் பார்த்தார். அக்கா அவருடைய இடது பக்கம் போய், தோளிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்றாள். கையை அவர் முகத்தின் உயரத்துக்குத் தூக்கினாள். சாக்பீஸ் நீலம் படிந்த மூன்று விரல்.

"எத்தனை விரல்?"

அவர் காத்திருந்தார். அவளும் காத்திருந்தாள். சுவர் மேல் ஒரு பூனை நடந்து போனது.

"முதல்ல கையைத் தூக்கு மேடம். அப்புறம் கேளு."

அக்கா கையை இறக்கவில்லை. என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு முகத்தை நான் அவளிடம் அதற்கு முன் பார்த்ததில்லை. மெல்லக் கையை அவர் மூக்குக்கு நேராக நகர்த்திக்கொண்டு வந்தாள். ரொம்ப தூரம் நகர்த்த வேண்டியிருந்தது.

"மூணு," என்றார் அவர். பிறகு, "என்ன விளையாட்டு இது?"

"மாடி," அக்கா அவரைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டாள், "நீ தினம் அந்தப் பஸ்ல போற. ஏதாவது பார்த்தியா?"

நான் இலைகளைச் சொன்னேன். ஆயாவின் கொண்டையைச் சொல்லவில்லை. அது தேவையில்லை என்று தோன்றியது. இலைகள் உள்ளே வருகின்றன, இடது பக்கம் மட்டும், மழைக்காலத்துக்கு அப்புறம் என்று மட்டும் சொன்னேன். சொல்லச் சொல்ல அண்ணன் தரையில் இருந்த நீலக் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"மரத்தை வெட்டாம விட்டிருக்கான் முனிசிபாலிட்டிக்காரன்," என்றார்.

அக்கா உடைந்து கிடந்த சாக்பீஸைக் குனிந்து எடுத்தாள்.

"டிப்போவுல இப்பத்தான் கண்ணு பார்த்தாங்க. கடைசி வரி, எறும்பு மாதிரி எழுத்து, அது வரைக்கும் படிச்சேன். டாக்டரே சபாஷ்னார்."

"நேரா இருக்கறதப் படிச்சீங்க."

"பஸ்ல அந்தப் பக்கத்துக் கண்ணாடி ரெண்டு தடவை உடைஞ்சதே," என்றார், யாரையோ கேட்பது போல. "லாரிக்காரன் இடிச்சிட்டுப் போயிட்டான்னு எழுதிக் குடுத்தேன். நான் பொய் சொல்லல. அப்படித்தான் நினைச்சேன்."

உள்ளே கூடத்தில் கடிகாரம் நான்கு அடித்தது. இருபத்தைந்து வருடம் ஒரு விபத்தும் இல்லாமல் ஓட்டியதற்காக டிப்போவில் கொடுத்த கடிகாரம் அது. அடித்து முடிகிறவரை மூன்று பேரும் அதைக் கேட்டோம்.

அக்கா டீ போட்டுக்கொண்டு வந்தாள். வழக்கமாக அவர் இடது கைப்பக்கம் வைப்பாள். அன்று சுற்றிப் போய் வலது பக்கம் வைத்தாள். அவர் அதைக் கவனித்தார். கோப்பையைத் தொடவில்லை. குனிந்து பீரங்கியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, செயினில் சிக்கியிருந்த ஒரு ஜல்லித் துண்டை நகத்தால் நெம்பி எடுத்தார்.

"பாவம், இதைப் போட்டு எவ்வளவு இறுக்கினேன்," என்றார்.

"அண்ணே, ஆஸ்பத்திரியில காட்டினா..." என்று ஆரம்பித்தேன்.

"காட்டுவோம்," என்றாள் அக்கா. "நாளைக்கு நானும் உங்ககூட டிப்போவுக்கு வரேன். மேலாளர்கிட்ட ரெண்டு பேருமா சொல்லிட்டு, அப்படியே நேரா ஆஸ்பத்திரிக்குப் போவோம். சரியாப் போற வியாதியாக்கூட இருக்கும்."

"நீ வர்றியா?"

"வரேன்."

"முதல் வண்டிக்கு ஆள் மாத்தணும்னா முந்தின நாள் மத்தியானத்துக்குள்ள சொல்லணும். மணி நாலு தாண்டிடுச்சு." மடியில் இருந்த வண்டியின் பல்சக்கரத்தை விரலால் ஒரு பல், ஒரு பல்லாகத் தள்ளினார். "அந்த ஆஸ்பத்திரி ஆயா வருமே. அச்சாபீஸ் ஆளுங்க நாலு பேரு. வண்டி வரலன்னா பனியில நிப்பாங்க. மாடியும்தான் நிக்கும்."

"நிக்கட்டும்," என்றாள் அக்கா.

நான் எழுந்து போய்விட வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் ரிமோட் இன்னும் என் கையில் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அண்ணன் தலையை முழுவதுமாக இடது பக்கம் திருப்பினார். தோளும் சேர்ந்து திரும்பியது. அக்கா அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். கண்டுபிடித்தது போல அவளைப் பார்த்தார். பார்க்காமலே நீட்டும் கையை அன்று பார்த்துக்கொண்டே நீட்டினார்.

"நாளைக்கு ஒரு நாள். ஒரே ஒரு ட்ரிப். கதவுப் பக்கம் முதல் சீட்டு எப்பவும் காலியாத்தான் இருக்கும். நீ அதுல உக்காந்துக்கோ. இடது பக்கம் வர்றத மட்டும் சொல்லிக்கிட்டே வா. சைக்கிள்னா சைக்கிள். ஆள்னா ஆள். கிளைன்னா கிளை. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன். மெதுவாத்தான் ஓட்டுவேன், நீ இப்ப ஓட்டினியே, அந்த மாதிரி. சொல்லிக்கிட்டே வர்றியா, மேடம்?"